உடைந்த பொருளைத் தூக்கிப் போடாதீர்கள்: சிங்கப்பூரில் அடிபட்டால் இழப்பீடு கேட்பது எப்படி?

வெடித்த குக்கர், தீய்ந்துபோன அடாப்டர், கால் முறிந்த நாற்காலி, வேலையிடத்தில் சறுக்கிய ஏணி. எதனால் காயம்பட்டிருந்தாலும் அந்தப் பொருளைக் குப்பையில் போடாதீர்கள். "கொண்டு வாங்க, புதுசா மாத்தித் தர்றேன்" என்று கடைக்காரர் சொன்னாலும் உடனே கொடுத்துவிடாதீர்கள். பின்னால் இழப்பீடு கேட்கும்போது உங்கள் பக்கம் பேசப்போகும் முதல் சாட்சி அதுதான். அது கைமாறிய பிறகு, பொருளில் கோளாறு இருந்தது என்று நிரூபிப்பது மிகக் கடினம்.

இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் செய்யும் பெரிய பிழை, அடிபட்டவுடன் "யார் மேல் தப்பு?" என்று யோசிக்கத் தொடங்குவது. முதலில் கேட்க வேண்டியது "இது எங்கே நடந்தது?" என்பதைத்தான். வேலையில் நடந்திருந்தால் ஒரு சட்டம், வாங்கிய பொருளால் நடந்திருந்தால் வேறு சட்டம், பொது இடத்தில் விழுந்திருந்தால் இன்னொரு வழி. ஒவ்வொன்றுக்கும் கெடு வேறு, காட்ட வேண்டிய ஆதாரம் வேறு. தவறான கதவைத் தட்டிக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டிவிட்டால், சரியான கதவு சாத்தப்பட்டிருக்கும்.

முதல் சில நாட்கள்

ஆம்புலன்சுக்கு 995. காயம் பெரிதாக இருந்தால் யார் என்ன சொன்னாலும் அதை அழையுங்கள். மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். மருத்துவமனையில் முதல் நாள் எழுதப்படும் குறிப்புக்கு நீதிமன்றம் வரை மதிப்பு உண்டு. "கட்டுமானத் தளத்தில் இரண்டாம் மாடியிலிருந்து விழுந்தேன்" என்பதற்குப் பதிலாக "அறையில் வழுக்கி விழுந்தேன்" என்று பதிவாகிவிட்டால், அதைப் பின்னால் மாற்ற நீங்கள் படும் பாடு சிறியதாக இருக்காது. ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் தமிழ் பேசும் தாதியோ உதவியாளரோ இருக்கிறார்களா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருப்பார்கள்.

கைபேசியில் படம் எடுங்கள். காயத்தை மட்டுமல்ல, இடத்தையும் எடுங்கள்: ஈரத் தரை, தடுப்பு இல்லாத விளிம்பு, எச்சரிக்கைப் பலகை இருந்ததா இல்லையா, விளக்கு எரிந்ததா. பொருளாக இருந்தால் பெயர்ப் பட்டை, மாடல் எண், செருகி, உடைந்த பகுதி எல்லாம் தனித்தனியாக. நீங்கள் படுத்திருந்தால் கூட இருந்தவரிடம் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். பார்த்தவர்களின் பெயரையும் கைபேசி எண்ணையும் வாங்கி வையுங்கள். தங்கும் விடுதிகளில் ஆட்கள் வேறு தளங்களுக்கு மாறிக்கொண்டே இருப்பார்கள். மூன்று மாதம் கழித்துத் தேடினால், பார்த்த நண்பர் ஊருக்கே திரும்பியிருக்கலாம்.

கண்காணிப்புக் கேமரா பதிவுக்குத் தனிக் கவனம் தேவை. பல இடங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், சில வாரங்கள்கூடத் தங்காது. பேரங்காடி, கடை, கொண்டோமினியம் போன்ற இடமாக இருந்தால் அன்றே நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இந்த நாள், இந்த நேரம், இந்த இடம், எனக்கு விபத்து நேர்ந்தது, பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் உருவம் உள்ள பதிவைப் பார்க்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வாய்மொழியாகக் கேட்பது போதாது, எழுத்தில் கேளுங்கள்.

மருந்துச் சீட்டு, கட்டண ரசீது, எம்சி எனப்படும் மருத்துவ விடுப்புச் சான்று, டாக்சி ரசீது எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். வெயிலில் மங்கிவிடும் ரசீதுகளைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் அடிபட்டால்

கட்டுமானம், கப்பல் பட்டறை, உணவகம், துப்புரவு என்று நம்மவர்கள் பலர் வேலை செய்யும் இடங்களில் கேள்விப்படும் பேச்சு ஒன்று உண்டு: "தம்பி, ரூம்ல விழுந்தேன்னு சொல்லிடு. செலவை கம்பெனி பாத்துக்கும்." இதை நான் அன்பான ஆலோசனையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலையில் நேர்ந்த காயத்துக்கான சிகிச்சைச் செலவு எப்படியும் முதலாளியின் பொறுப்பு. அதைச் சம்பளத்தில் பிடிக்க முடியாது. பொய் சொல்லி நீங்கள் பெறுவது ஒன்றுமில்லை, இழப்பதோ எல்லாமும்.

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம், ஊழியர்கள் வாய்க்கா (WICA) என்று அழைப்பது, 2019இல் புதிதாக இயற்றப்பட்டு 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலை ஒப்பந்தத்தில் இருக்கும் ஊழியர் ஏறக்குறைய எவருக்கும் இது பொருந்தும். சம்பளம் எவ்வளவு, குடிமகனா வெளிநாட்டவரா என்ற பேதம் இல்லை. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நேரும் விபத்தும் இதில் அடங்கும். லாரியின் பின்புறம் அமர்ந்து பயணம் செய்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சட்டத்தின் சிறப்பு, யார் மேல் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை என்பதுதான். உங்கள் கவனக்குறைவும் சேர்ந்து நடந்திருந்தாலும் இழப்பீடு உண்டு. குடிபோதையில் இருந்தது, சண்டையில் பட்டது, தானே ஏற்படுத்திக்கொண்டது போன்றவைதான் விலக்கு. "நீ ஹெல்மெட் போடல, அதனால ஒண்ணும் கிடைக்காது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கிடைப்பவை மூன்று. முதலாவது, எம்சி நாட்களுக்கான சம்பளம்: வெளிநோயாளி விடுப்பில் முதல் 14 நாட்கள் வரையும் மருத்துவமனை விடுப்பில் 60 நாட்கள் வரையும் முழுச் சராசரிச் சம்பளம், அதன் பிறகு ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. காயம் காரணமாக லைட் டூட்டி எனப்படும் இலகு வேலை கொடுக்கப்பட்டுச் சம்பளம் குறைந்திருந்தால் அதுவும் கணக்கில் வரும். இரண்டாவது, மருத்துவச் செலவு. மூன்றாவது, நிரந்தர ஊனம் அல்லது மரணத்துக்கான மொத்தத் தொகை. 2025 நவம்பர் 1 அல்லது அதற்குப் பிறகு நடந்த விபத்துகளுக்கு மருத்துவச் செலவு 53,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அல்லது விபத்திலிருந்து ஓராண்டு வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை. மரணத்துக்கு 91,000 முதல் 269,000 வெள்ளி. முழு நிரந்தர ஊனத்துக்கு 116,000 முதல் 346,000 வெள்ளி. விரல் போனது, முட்டி மடங்காமல் போனது போன்ற பகுதி ஊனத்துக்கு உங்கள் வயது, சராசரிச் சம்பளம், மருத்துவர் தரும் ஊன விழுக்காடு மூன்றையும் வைத்துக் கணக்கிடுவார்கள். சராசரிச் சம்பளம் என்பதால் ஊதியச் சீட்டுகளையும் ஓவர்டைம் கணக்கையும் பத்திரப்படுத்துங்கள். கையில் வாங்கும் தொகை ஒன்று, சீட்டில் எழுதியது வேறு என்றால் இங்கேதான் இடிக்கும்.

செய்ய வேண்டிய முறை இதுதான். அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பிலும் எழுதுங்கள். எழுத்தில் இருந்தால் "எனக்குத் தெரியாது" என்று பின்னால் சொல்ல முடியாது. எம்சி அல்லது லைட் டூட்டி கொடுக்கப்பட்ட எந்தக் காயத்தையும், தெரியவந்த 10 நாட்களுக்குள் முதலாளி மனிதவள அமைச்சிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்று சந்தேகம் இருந்தால் நீங்களே அமைச்சிடம் சொல்லலாம். இழப்பீட்டுக் கோரிக்கையை விபத்து நடந்த ஓராண்டுக்குள் கொடுத்துவிடுங்கள். வேலை போயிருந்தாலும் பெர்மிட் ரத்தாகியிருந்தாலும் கோரிக்கை உரிமை போவதில்லை. கோரிக்கை முடியும்வரை இங்கே தங்கியிருக்க வேண்டியவர்களுக்கு அமைச்சு சிறப்பு அனுமதி வழங்குவது உண்டு.

மருத்துவர் ஊனத்தை மதிப்பிட்டபின் இழப்பீட்டுக் கணக்கு அறிவிப்பு வரும். அதில் விழுக்காடோ சம்பளமோ தவறு என்று பட்டால் 14 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். இந்தப் பதினான்கு நாட்களைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அறிவிப்பு பழைய முகவரிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இழப்பீடு கேட்க மாட்டேன்" என்று கம்பெனி முன்கூட்டியே கையெழுத்து வாங்கியிருந்தாலும், இந்தச் சட்டம் தரும் உரிமையை அந்தக் காகிதம் பறிக்காது. எப்படியானாலும், படித்துப் புரியாத ஆங்கிலத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு படம் எடுத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிடுங்கள்.

வீட்டுப் பணிப்பெண்கள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவர்களுக்கு முதலாளி எடுத்திருக்க வேண்டிய தனிநபர் விபத்துக் காப்புறுதி உண்டு, குறைந்தது 60,000 வெள்ளி. உணவு விநியோகம், தனியார் வாடகைக் கார் போன்ற இணையத்தள வேலைகளில் இருப்போருக்கு 2025 ஜனவரி 1 முதல் வேலையிடக் காய இழப்பீடு கிடைக்கிறது.

இன்னொரு வழியும் திறந்திருக்கிறது: முதலாளியின் கவனக்குறைவால் நடந்தது என்று பொதுச் சட்டத்தின் (காமன் லா) கீழ் வழக்குத் தொடுப்பது. அதில் வலி, வேதனை, வருங்கால வருமான இழப்பு ஆகியவற்றுக்கும் பணம் கேட்கலாம், உச்ச வரம்பும் இல்லை. ஆனால் தப்பை நீங்கள் நிரூபிக்க வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கலாம், தோற்றால் எதிர்த் தரப்பின் செலவும் உங்கள் தலையில் விழலாம். ஒரே விபத்துக்கு இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது. காயம் மிகப் பெரியது, முதலாளியின் தவறும் பட்டவர்த்தனம் என்றால் மட்டும் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மற்றவர்களுக்கு வாய்க்காதான் நேர்வழி. அதற்கு வழக்கறிஞர் தேவையே இல்லை.

அடிபடுவதற்கு முன் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. 2021 பிப்ரவரி 24 அன்று துவாசில் ஒரு பட்டறையில் கலவை இயந்திரத்தின் எண்ணெய் உறை வெடித்து, அங்கிருந்த மாவுத்தூள் தீப்பற்றியதில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தியாவிலிருந்து வந்தவர். அந்த இயந்திரத்தில் முன்பே எண்ணெய் கசிந்ததும் கோளாறுகள் இருந்ததும் விசாரணைக் குழுவின் முன் வெளிவந்தன. உங்கள் இயந்திரம் புகைகிறது, கசிகிறது, பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறார்கள் என்றால் மனிதவள அமைச்சிடம் தெரிவியுங்கள். புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியிடமாட்டார்கள். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியை மட்டுமல்ல, இயந்திரத்தைச் செய்தவரையும் விற்றவரையும் கட்டுப்படுத்துகிறது.

வாங்கிய பொருள் காயப்படுத்தினால்

இங்கே ரசீதில் யார் பெயர் என்பது முக்கியம். பொருளை வாங்கியவருக்கே காயம் என்றால், பொருள் விற்பனைச் சட்டத்தின்படி கடையிடம் நேரடியாகக் கேட்கலாம். பொருள் திருப்தியான தரத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது கடையின் கடமை. கடை கவனமாக நடந்துகொண்டதா என்ற கேள்வியே எழாது. ஆனால் கணவர் வாங்கிய கெட்டிலால் மனைவிக்குச் சுட்டால், மனைவிக்கும் கடைக்கும் இடையே ஒப்பந்தம் இல்லை. அவர் தயாரிப்பாளர், இறக்குமதியாளர், விநியோகஸ்தர் ஆகியோரின் கவனக்குறைவைக் காட்டியாக வேண்டும். பிரிட்டனில் 1987இல் இயற்றப்பட்ட, குறைபாடுள்ள பொருளுக்குத் தயாரிப்பாளர் கவனக்குறைவு இல்லாமலே பொறுப்பேற்க வேண்டும் என்ற சட்டம் உண்டு. சிங்கப்பூரில் அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. இது பயனீட்டாளருக்குப் பாதகமான இடைவெளி என்பதே என் கருத்து.

ஆனாலும் கதவு அடைபட்டதில்லை. ஸ்லிம் 10 என்ற உடல் மெலியும் மாத்திரையைச் சாப்பிட்ட நடிகை ஆண்ட்ரியா டி குரூஸின் கல்லீரல் 2002இல் செயலிழந்தது. காதலர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்து உயிர் காத்தார். ஆண்ட்ரியா தொடுத்த வழக்கில் நீதிமன்றம் இறக்குமதி செய்த நிறுவனத்தையும் விநியோகித்த நிறுவனத்தையும் பொறுப்பாக்கியது. விநியோகித்த நிறுவனத்தின் மேல்முறையீடும் 2004இல் தள்ளுபடியானது. "நாங்கள் தயாரிக்கவில்லை, விற்க மட்டுமே செய்தோம்" என்ற வாதம் எப்போதும் எடுபடாது என்பதற்கு இது நல்ல சான்று.

பொருளே சரியில்லை, பழுது அல்லது பணம் திரும்ப வேண்டும் என்றால் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள லெமன் சட்டம் உதவும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது கடைக்காரர் வேலை.

வாங்கும்போதே பாருங்கள்: ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர், பல வழி அடாப்டர் உட்பட 33 வகைப் பொருள்களில் பாதுகாப்பு முத்திரை இருந்தாக வேண்டும். முத்திரையின் கீழ் 8 இலக்கப் பதிவு எண் இருக்கும். ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் மின்சாதனங்களைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. மின்னழுத்தம் இரு நாட்டிலும் ஒன்றுதான், ஆனால் உருண்டை முள் செருகியை இங்கேயுள்ள சதுர முள் துளையில் பொருத்த மலிவான அடாப்டர் தேடுவோம். அது உருகித் தீப்பிடித்தால் பொறுப்பேற்க இங்கே விற்பனையாளரே இருக்கமாட்டார். வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து நேரடியாக வரவழைப்பதிலும் இதே சிக்கல். மின்ஸ்கூட்டர் வைத்திருந்தால் அது யுஎல் 2272 என்ற தீப் பாதுகாப்புத் தரச் சான்று பெற்றதா என்று பாருங்கள். 2020 ஜூலை முதல் அந்தச் சான்று இல்லாதவற்றுக்கு அனுமதி இல்லை.

கோளாறான மின்பொருளைப் பற்றி நுகர்பொருள் பாதுகாப்பு அலுவலகத்திடமும், மருந்து, சத்து மாத்திரை, முகப்பூச்சு பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையத்திடமும், உணவு பற்றிச் சிங்கப்பூர் உணவு அமைப்பிடமும் புகார் செய்யுங்கள். அவர்கள் உங்களுக்கு இழப்பீடு வாங்கித் தரமாட்டார்கள். ஆனால் அவர்களது விசாரணை அடுத்தவர் அடிபடாமல் தடுக்கும்.

வழுக்கிய தரை, பெயர்ந்த ஓடு

இடத்தை யார் நிர்வகிக்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கின் தாழ்வாரம், படிக்கட்டு, மின்தூக்கி என்றால் நகர மன்றம். கொண்டோமினியத்தின் பொது இடம் என்றால் அதன் நிர்வாகக் கழகம். பேரங்காடி என்றால் அதன் உரிமையாளரோ நிர்வாக நிறுவனமோ. துப்புரவைக் குத்தகைக்கு விட்டிருந்தால் அந்த நிறுவனமும் சேரும். இருவருக்கும் கடிதம் அனுப்புவது நல்லது, ஏனெனில் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது வழக்கம்.

இடத்தை வைத்திருப்பவர் நியாயமான அளவுக்குக் கவனம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். விழுந்துவிட்டோம் என்பதே அவர்கள் தவறுக்குச் சான்றாகாது. தண்ணீர் எவ்வளவு நேரமாகக் கிடந்தது, முன்பே யாராவது புகார் செய்தார்களா, எச்சரிக்கைப் பலகை இருந்ததா என்பவைதான் வழக்கை நிர்ணயிக்கும்.

"ஏற்படும் காயங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைப் பார்த்துப் பலர் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டத்தின்படி, வியாபார இடம் நடத்துவோர் தமது கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உள்ள பொறுப்பை அறிவிப்பாலும் ஒப்பந்தத்தாலும் கழற்றிவிட முடியாது. உடற்பயிற்சிக் கூடத்தில் சேரும்போது நீங்கள் கையெழுத்திட்ட படிவத்துக்கும் இதே கதிதான். உங்கள் பங்குத் தவறு இருந்தால், கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தது போல, நீதிமன்றம் அந்த அளவுக்குத் தொகையைக் குறைக்கும். உங்கள் பங்கு 30 விழுக்காடு என்றால் 70 விழுக்காடு கிடைக்கும்.

கெடு, செலவு, உதவி

உடற்காய வழக்குக்கு மூன்று ஆண்டு. காயமும் அதற்குக் காரணமானவரும் தாமதமாகவே தெரியவந்தால், தெரிந்த நாளிலிருந்து கணக்கு. ஒப்பந்த வழக்குக்குப் பொதுவாக ஆறு ஆண்டு என்றாலும், உடற்காயம் உள்ள வழக்கில் மூன்றையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை, வழக்கறிஞர் இல்லாமல் கேட்கலாம். பொருளின் விலை, எரிந்துபோன மேசை போன்றவற்றுக்கு அது பொருத்தம். உடற்காய இழப்பீட்டுக்கு அங்கே இடமில்லை. அதற்கு 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் பொதுவாக 250,000 வரை, வேலையிட விபத்து என்றால் 500,000 வரை மாவட்ட நீதிமன்றம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டுப் பெறலாம்.

"ஜெயித்தால் 30 விழுக்காடு எனக்கு, தோற்றால் ஒன்றும் வேண்டாம்" என்று லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டாரத்தில் உங்களை யாராவது அணுகினால் விலகிப் போங்கள். காய வழக்கில் கிடைக்கும் தொகையில் வழக்கறிஞர் பங்கு பேச இங்கே அனுமதி இல்லை. வழக்கறிஞருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும் விதிமீறல்.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வருமானத் தகுதி இருந்தால் சட்ட உதவிப் பிரிவை நாடலாம். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது. அதன் 24 மணி நேரத் தொலைபேசி எண் 6536 2692. டிடபிள்யூசி2, ஹோம் ஆகிய தொண்டு அமைப்புகளும் கோரிக்கைப் படிவங்களில் கைகொடுக்கும். வேலை இழந்து வழக்கு முடியக் காத்திருக்கும் தொழிலாளர்களுக்கு டிடபிள்யூசி2 லிட்டில் இந்தியாவில் 2008 முதல் இலவச உணவு வழங்கி வருகிறது. ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பு மருத்துவ உதவி தருகிறது. போகும்போது பெர்மிட் அட்டை, கடைசி ஓராண்டு ஊதியச் சீட்டுகள், எம்சிகள், சூப்பர்வைசருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எடுத்த படங்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். கைபேசி உடைந்தாலும் தொலைந்தாலும் பாதிக்காதபடி ஒரு பிரதியை ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.